வளர்ப்புப் பாம்பின் சுவாச நோயும் வளர்ப்போன் கடமையும்

நாகத்தைத் தெய்வமாகப் போற்றுதலும், பாம்பைக் கண்டவிடத்துக் கோலெடுத்து அடித்தலும் ஆகிய இருவேறு வழக்கங்கள் நம்மவரிடையே நெடுங்காலமாக ஒருங்கே நிலவி வருகின்றன. நயினை நாகபூசணி அம்மன் சந்நிதியிற் கைகூப்பி நின்றவரே, வீடு திரும்பியபின் வேலியோரத்திற் பாம்பொன்றைக் காணின் செய்வது யாதென்பதை யாவரும் அறிவர். வழிபடுதலும் அடித்தலும் அல்லாத மூன்றாவதோர் உறவு மேனாடுகளிற் கடந்த சில பத்தாண்டுகளாகப் பெருகி வந்துள்ளது. அஃதாவது, நாயையும் பூனையையும் போலப் பாம்பினையும் வீட்டில் வைத்து வளர்த்தலாகும். கடல் கடந்து வாழும் நம் பழைய மாணவர் சிலரின் இல்லங்களிலும், பிள்ளைகளின் விருப்பத்தால், இத்தகைய விருந்தாளி குடிபுகுந்திருத்தல் கூடும்.

இவ்வாறு வளர்க்கப்படும் பாம்புகளுக்கு உண்டாகும் நோய்களுள் அடிக்கடி காணப்படுவதும், கவனியாதுவிடின் உயிரைக் கொள்வதும் சுவாச நோயாகும். அந்நோய் எவ்வாறு தோன்றுகின்றது, அதனைப் பொறுப்புடன் தீர்க்கும் முறை யாது என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். பாம்பு வளர்க்குமாறு எவரையும் தூண்டுதல் அன்று. ஓர் உயிரை அடைத்து வைத்தவனுக்கு அதன்பால் உள்ள கடன் யாது என்னும் பொதுவினாவுக்கு இதிலும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது. ஏனெனில் இந்நோயாளி முனகுவதில்லை, இருமுவதில்லை, தன் உடலைத் தானே சூடாக்கிக்கொள்ளவும் வல்லதன்று.

அரச மலைப்பாம்பு

எடுத்துக்காட்டாக ஓரினத்தை மட்டும் ஈண்டு நோக்குவோம். மேற்கு ஆபிரிக்காவிலும் மத்திய ஆபிரிக்காவிலும் வாழும் சிறு மலைப்பாம்பொன்றை ஆங்கிலேயர் அரச மலைப்பாம்பு என்பர். அச்சமுற்றவிடத்துத் தலையை நடுவே மறைத்து உடலைப் பந்துபோலச் சுருட்டிக்கொள்ளும் இயல்பினால் அமெரிக்கர் அதனைப் பந்து மலைப்பாம்பு என்று வழங்குவர். வளர்ந்த பாம்பு பெரும்பாலும் ஒரு மீற்றர் முதல் ஒன்றரை மீற்றர் வரை நீளமுடையது, நஞ்சற்றது, சாந்த குணமுடையது, நன்கு பேணப்படின் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழவல்லது. கானா, டோகோ, பெனின் ஆகிய நாடுகளிலிருந்து இவ்வினம் பெருந்தொகையாக ஏற்றுமதி செய்யப்பட்டு வந்ததோடு, மேனாடுகளிலும் இனவிருத்தி செய்யப்படுகின்றது.

இயற்கையில் இப்பாம்பு எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பகற்பொழுதைக் கழிக்கும். அங்குள்ள வெப்பமும் ஈரமும் அதன் உடலுக்கு ஏற்றவை. வெப்பம் மிகின் உட்செல்லும், குளிரின் வெளிவரும். அப்பாம்பே நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் வைக்கப்பட்ட பின், இத்தெரிவு அதன் வசத்திலிருந்து நீங்கி வளர்ப்போன் கைக்கு மாறிவிடுகின்றது. சுவாச நோய் பற்றிய செய்திகள் யாவும் இவ்வொரு மாற்றத்தையே சுற்றி நிற்கின்றன.

மூச்சுறுப்பின் அமைப்பு

பாம்பின் சுவாசப்பை அதன் நீண்ட உடலுக்கேற்ப நீண்டு ஒடுங்கியது. பெரும்பாலான பாம்புகளில் வலப்பக்கச் சுவாசப்பையே தொழிற்படுவது; இடப்பக்கத்தது மிகச் சிறுத்தோ முற்றாக இல்லாமலோ இருக்கும். மலைப்பாம்புகளில் இரண்டும் உள. ஆயினும் இடப்பக்கத்தது சிறியது. சுவாசப்பையின் முற்பகுதியிலேயே குருதிக்கலன்கள் நிறைந்து வாயுமாற்றம் நடைபெறும். பிற்பகுதி குருதிக்கலன் அருகிய மெல்லிய காற்றுப்பையாக உடலின் பின்புறம் நோக்கி நீண்டு கிடக்கும்.

பாம்புக்குப் பிரிமென்றகடு இல்லை. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் அத்தசைத்தகடு நமக்கு மூச்சிழுத்தற்கு மட்டுமன்றி வலிந்து இருமுதற்கும் துணைபுரிவது. பாம்போ விலாவென்புகளை அசைக்கும் தசைகளைக் கொண்டே மூச்சுவிடுகின்றது. ஆதலின் சுவாசப்பையிற் சேரும் சளியை இருமி வெளியே தள்ளும் வலிமை அதற்கு இல்லை. சளி தாழ்ந்த இடத்திலே தேங்கும். மேலும், நமது சீழ் நீர்த்தன்மையுடையதாய் வடிந்து வெளியேற, ஊர்வனவற்றின் சீழ் பாற்கட்டிபோல இறுகிவிடும் இயல்பினது. இறுகிய சீழுக்குள் மருந்து எளிதிற் புகாது. இவ்விரு காரணங்களாலும், மனிதனுக்குச் சில நாட்களில் தீரும் தடிமன் போன்றதெனக் கருதப்படுவது, பாம்புக்கு உயிராபத்தாக முடிதல் உண்டு.

நோய்க்குறிகள்

இரையாகக்கூடிய விலங்குகள் தம் நலிவை வெளிக்காட்டாது மறைத்தல் இயல்பு. பாம்பும் அத்தகையதே. ஆதலின் குறிகள் வெளிப்பட்ட நாள் நோய் தோன்றிய நாள் அன்று. பெரும்பாலும் அது முற்றிய நாளாகும். மூச்சுவிடும்போது சீறலன்றி ஒருவகை இரைச்சலோ வெடிப்பொலியோ கேட்டல், மூக்குத்துவாரத்திலும் வாயோரத்திலும் நுரையோ சளியோ காணப்படல், வாயினுள் இழைபோன்ற கோழை தொங்குதல், தலையை நெடுநேரம் மேல்நோக்கி உயர்த்தி வைத்திருத்தல், வாயைத் திறந்து மூச்சுவிடுதல் என்பன முக்கியமான குறிகளாம். இவற்றுள் இறுதியிற் கூறப்பட்டது மிகக் கடுமையானது. ஓய்ந்திருக்கும் பாம்பு வாய்திறந்து மூச்சுவிடக் காணின் மறுநாள் பார்ப்போம் என்று தாமதித்தல் தகாது.

எனினும் ஒவ்வோர் ஒலியும் நோயாகாது. சட்டை கழற்றும் காலத்தில் மூக்குத்துவாரத்திற் பழந்தோல் ஒட்டிநின்று சிறு சீழ்க்கையொலி எழலாம். சட்டை முழுவதும் கழன்றதும் அது மறையும். உணவை மறுத்தல் ஒன்றையே நோயென்று துணிதலும் தவறு. அரச மலைப்பாம்பு நோயின்றியே சில மாதங்கள் பட்டினி கிடத்தல் உண்டு. ஆகவே பாம்பின் நிறையைக் கிழமைதோறும் நிறுத்து ஏட்டிற் குறித்து வைப்போனே மாற்றத்தை உரிய காலத்தில் அறிவான். ஞாபகத்தை நம்புவோன் பிந்தியே அறிவான்.

நோயின் முதல்

சுவாச நோய்க்கு உடன்காரணமாக அமைபவை நுண்ணங்கிகள். சூடோமோனாசு, ஏரோமோனாசு, கிளெப்சியெல்லா முதலிய பற்றீரியாக்கள் நோயுற்ற சுவாசப்பையில் அடிக்கடி காணப்படுகின்றன. ஆயின் இவற்றுட் பல, நலமுள்ள பாம்பின் வாயிலும் அதன் கூட்டிலும் கூட வாழ்பவை. அங்ஙனமாயின் நேற்றுவரை தீங்கு செய்யாதது இன்று தீங்கு செய்வது எதனால்? பெரும்பாலும் பாம்பின் எதிர்ப்பாற்றல் குன்றியதனால் என்பதே விடை. அது குன்றுதற்குக் குளிர், தகாத ஈரம், அசுத்தம், காற்றோட்டமின்மை, ஓயாத தொந்தரவு என்பன வழிவகுக்கின்றன.

வெப்பத்துக்கும் எதிர்ப்பாற்றலுக்கும் உள்ள தொடர்பு ஆராய்ச்சியால் நிறுவப்பட்டதாகும். ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குளூகர் என்பாரும் அவருடைய துணைவரும் பாலைநிலப் பல்லியினம் ஒன்றினை ஆராய்ந்தனர். பற்றீரியா ஊசியேற்றப்பட்ட பல்லிகள், தாமாகவே வெப்பமான இடத்தை நாடிச் சென்று தம் உடல் வெப்பநிலையை ஏறத்தாழ 2 பாகை உயர்த்திக்கொண்டன. நமக்குக் காய்ச்சல் உடலினுள்ளே தோன்ற, அவற்றுக்கு அஃது இடம்பெயர்தலால் தோன்றுகின்றது. 1975 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், நோயூட்டிய பல்லிகளை 34 பாகை முதல் 42 பாகை செல்சியசு வரையான வெவ்வேறு வெப்பநிலைகளில் அவர்கள் வைத்துப் பார்த்தபோது, வெப்பமான இடத்தில் இருந்தவற்றுட் பிழைத்தவையே மிகுதியாயின. அப்பல்லி பாலைநிலத்து உயிராதலின் அவ்வெப்பநிலை அதற்குரியது. பாம்புக்குரிய அளவு வேறு. ஆயினும் கருத்து ஒன்றே: காய்ச்சலை நாடிச் செல்ல இடமில்லாத கூட்டில் அடைக்கப்பட்ட ஊர்வனவற்றுக்கு, நோயை எதிர்க்கும் முதற்கருவி பறிக்கப்பட்டு விடுகின்றது.

அரச மலைப்பாம்பின் கூட்டில் ஒரு முனை ஏறத்தாழ 31 முதல் 33 பாகை வரையும், மறுமுனை ஏறத்தாழ 25 முதல் 27 பாகை வரையும் இருத்தல் வேண்டும். இரு முனைகளிலும் வெப்பமானி இருத்தலும், வெப்பமூட்டி தன்னியக்கச் சீராக்கியோடு இணைக்கப்படுதலும் இன்றியமையாதன. கையால் தொட்டுப் பார்த்து மதிப்பிடுதல் போதாது. சீராக்கியில்லாத வெப்பக் கற்களின்மீது கிடந்து வயிறு வெந்துபோன பாம்புகளும் உள. ஈரப்பதன் 60 சதவீதம் அளவில் இருத்தல் நன்று. சட்டை கழற்றும் காலத்தில் இன்னுஞ் சிறிது மிகலாம். ஆயினும் காற்றோட்டமின்றி நிலம் நனைந்தே கிடத்தல், வறட்சியினும் கொடியது. வாசனைத் தெளிப்புகள், புகையிலைப் புகை, சாம்பிராணிப் புகை என்பன அக்கூட்டின் அருகே ஆகா.

வேறு காரணங்கள்

கூடு செவ்வையாக இருந்தும் நோய் வருதல் உண்டு. 1976 ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்துப் பாம்புப்பண்ணையொன்றிற் பல பாம்புகளைக் கொன்ற கொள்ளைநோய் பற்றிய அறிக்கை வெளிவந்தது. அதற்குக் காரணமான வைரசு பிற்காலத்திற் பெர்லாவைரசு எனப் பெயர் பெற்றது. 2014 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்க ஆய்வாளர், சுவாசப்பை அழற்சியுற்ற அரச மலைப்பாம்புகளில் நிடோவைரசு இனத்தது ஒன்றினைக் கண்டறிந்தனர். நோயுள்ள இடத்தில் வைரசு இருத்தல் மட்டும் அதுவே காரணமென்று துணிதற்குப் போதாதன்றோ? ஆதலின் 2018 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் நலமுள்ள பாம்புகளுக்கு அவ்வைரசு செலுத்தப்பட்டு, அவற்றுக்கும் அதே நோய் உண்டாதல் காட்டப்பட்டது. ஒரு நுண்ணங்கியே ஒரு நோய்க்குக் காரணமென நிறுவுதற்குச் செருமானிய அறிஞர் றொபேட் கொக் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுத்த முறையின் வழிப்பட்டது இது. இவ்வைரசுக்கு இன்றுவரை மருந்தோ தடுப்பூசியோ இல்லை. இதனை உடலிற் கொண்ட பாம்பு நெடுங்காலம் நோய்க்குறியின்றியே பிறவற்றுக்குத் தொற்றச் செய்தலும் கூடும். இவையேயன்றிச் சுவாசப்பையில் வாழும் புழுக்களும் பூஞ்சணங்களும் நோய் விளைக்கும்.

இத்தனை காரணங்களும் வெளிக்காட்டும் குறிகள் ஏறக்குறைய ஒன்றே என்பது மனங்கொள்ளற்பாலது. நுரையையும் இரைச்சலையும் மட்டும் நோக்கி, இது பற்றீரியாவால் வந்தது, இது வைரசால் வந்தது, இது புழுவால் வந்தது எனப் பிரித்தறிதல் வைத்தியருக்கும் இயலாது. ஊர்வன பற்றிய பயிற்சியுடைய மிருகவைத்தியர், எக்சுக் கதிர்ப்படம் எடுப்பார். வாதனாளியுள் நுண்குழாய் செலுத்திச் சிறிதளவு உப்புநீரை விட்டு மீள உறிஞ்சி, அதனை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார். எந்த நுண்ணங்கி உளது, எந்த மருந்துக்கு அது பணியும் என்பன அங்கே தெரியவரும்.

மருந்து

சோதனையின்றி மருந்திடுதலே இத்துறையில் மிகப் பரவிய தவறு. முன்பு மிஞ்சிய மருந்து, மீன்களுக்கென விற்கப்படும் மருந்து, நண்பர் ஒருவர் தம் பாம்புக்குப் பயன்பட்டதென்று கொடுத்த மருந்து என்பன நோயுற்ற பாம்பின் உடலிற் செலுத்தப்படுகின்றன. செய்வோர் கொடியவர் அல்லர், பெரும்பாலும் அன்புடையவரே. பாம்பு வைத்தியம் அறிந்தவர் தொலைவில் இருத்தலும், செலவு மிகுதலும் அவர்களை அவ்வழியிற் செலுத்துகின்றன. ஆயின் அன்பு அளவை அறியாது.

பாம்பின் அனுசேபம், அதாவது உடலினுள் நிகழும் வேதிமாற்றங்களின் வேகம், முலையூட்டிகளினதைவிட மிகக் குறைந்தது; அதுவும் வெப்பநிலையைப் பொறுத்து மாறுவது. செப்டாசிடிம் என்னும் நுண்ணுயிர்கொல்லி மனிதருக்கு நாளொன்றுக்கு இரண்டு மூன்று தடவை ஏற்றப்படுவது. பாம்புக்கோ 72 மணித்தியாலங்களுக்கு ஒருமுறை போதுமானது. மனிதருக்குரிய கால அளவைப் பாம்புக்குக் கொண்டவன் மருந்தை உடலிற் குவிப்பான். செந்தாமைசின், அமிக்காசின் போன்றவை, நீர் வற்றிய உடலிற் சிறுநீரகத்தைக் கெடுப்பன. என்ரோபுளொக்சசின் ஊசி ஏற்றிய இடத்துத் தசையை அழுகச் செய்தலும் உண்டு. வைரசு நோய்க்கு இவற்றால் நேர்ப்பயன் இல்லை; பற்றீரியா பின்தொடர்ந்து தொற்றியவிடத்தே வைத்தியர் இவற்றைத் துணையாகக் கொள்வர்.

இதில் மற்றையோர் நலனும் அடங்கியுள்ளது. என்ரோபுளொக்சசின் உடலினுள் ஒரு பகுதி சிப்ரோபுளொக்சசினாக மாறும்; அதுவோ மனித வைத்தியத்தின் பெருமருந்துகளுள் ஒன்று. அளவு தவறியும் இடையில் நிறுத்தியும் மருந்திடுமிடத்து, மருந்துக்குப் பணியாத பற்றீரியா எஞ்சிப் பெருகும். பாம்பின் கூட்டிற் பெருகியது அவ்வீட்டுக் குழந்தையின் கையை அடைதற்கு நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. ஐக்கிய அமெரிக்காவில், மனித வைத்தியத்துக்கு முக்கியமான நுண்ணுயிர்கொல்லிகளைக் கால்நடைகளுக்கென வைத்தியர் சிட்டையின்றிக் கடையில் வாங்கும் வழி 2023 ஆம் ஆண்டு யூன் மாதத்தோடு அடைக்கப்பட்டமைக்கும் இவ்வச்சமே காரணம்.

முன்னர்க் கூறிய காற்றுப்பையைக் குருதிக்கலன்கள் மிகுதியாகச் சென்றடைவதில்லை. ஆகவே ஊசிவழிச் செல்லும் மருந்து அங்கே போதிய அளவு சேராமையும் உண்டு. இதுபற்றியே வைத்தியர் சிலவிடத்து மருந்தையோ உப்புநீரையோ நுண்பனியாக்கிச் சுவாசிக்கச் செய்வர். வீட்டில் வெந்நீராவி பிடித்தலும், தைலம் பூசுதலும் இதற்கு ஈடாகா. அவை வெந்த புண்ணையும் எரிச்சலையுமே தரக்கூடும்.

அருகிருந்து பேணுதல்

வைத்தியர் மருந்து கொடுத்த பின் வளர்ப்போன் பணி முடிவதில்லை, அப்பொழுதே தொடங்குகின்றது. பாம்புக்குரிய வெப்ப எல்லையின் மேற்பகுதியிற் கூட்டை இரவும் பகலும் வைத்திருத்தல் வேண்டும். குளிர்ந்த உடலில் எதிர்ப்பாற்றலும் குன்றும். மருந்தும் கணக்கிட்டபடி செல்லாது. எனினும் ஒதுங்குதற்குச் சிறிது தண்மையான முனையும் இருத்தல் வேண்டும். குடிநீர் எப்போதும் தூயதாய் இருக்கட்டும். மூச்சுக்குத் திணறும் பாம்புக்கு வலிந்து இரையூட்டுதல் தகாது. கையிலெடுத்து விளையாடுதலும் விருந்தினர்க்குக் காட்டுதலும் நிற்கட்டும். சில நாட்களில் நுரை நின்றதும் மருந்தை நிறுத்துதல் பலர் செய்யும் பிழை. சிகிச்சை பல கிழமைகள் நீளலாம். முடிவு செய்வது வைத்தியர் கடன்.

வேறு பாம்புகள் உளவாயின், நோயுற்றது தனியறையில், தனிக் கருவிகளோடு வைக்கப்படல் வேண்டும். நலமுள்ளவற்றை முதலிலும் நோயுற்றதை இறுதியிலும் பேணிக் கைகழுவுக. புதிதாக வாங்கிய பாம்பையும் குறைந்தது மூன்று மாதம் புறம்பே வைத்தல் நல்ல வழக்கம். தீராத வைரசு உடையதென்று தெரிந்த பாம்பை, அதனை மறைத்துப் பிறருக்கு விற்றல் வெறும் பிழையன்று, வஞ்சகம்.

எல்லா நோயும் தீர்வதில்லை. தீராதென்று வைத்தியர் துணிந்தவிடத்து, வருத்தமின்றி உயிர் நீக்குதலும் அவராலேயே செய்யப்படல் வேண்டும். குளிரூட்டியில் வைத்தால் பாம்பு உறங்கியவாறே இறக்குமென்று முற்காலத்தவர் நம்பினர். வளர்ந்த ஊர்வனவற்றுக்கு அது தகாதென்று இக்காலத்து மிருகவைத்தியர் விலக்கியுள்ளனர். ஓசையின்றி இறத்தல், நோவின்றி இறத்தல் ஆகாது.

முடிவுரை

மருத்துவமென்பது நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து பேணுவோன் என்னும் நான்கினால் அமைவது எனத் திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் வகுத்துக் காட்டும். பாம்பின் சுவாச நோயில் இந்நான்கும் எந்நிலையில் உள்ளன? நோயாளிக்குத் தன் நோயைச் சொல்ல வாயில்லை. வைத்தியர் அரியர். மருந்து வெப்பமின்றிப் பயன்தராது. ஆகவே பாரம் முழுவதும் நான்காமவன்மீதே விழுகின்றது. அவனோ பல வேளைகளில் நோய்க்குக் காரணமான குளிரையும் அசுத்தத்தையும் தன்னை அறியாமலே அளித்தவனாகவும் இருக்கின்றான். முதலிற் கூட்டைத் திருத்துதல், அடுத்துக் காரணத்தைச் சோதித்து அறிவித்தல், பின்னரே மருந்திடுதல் என்னும் வரிசை இதனாற் பெறப்படும். வைத்தியர் எங்குள்ளார், செலவு எவ்வளவு, இருபது ஆண்டுகள் பேணும் பொறுமை தனக்குண்டா என்பவற்றைப் பாம்பு வீட்டுக்கு வருமுன் வினாவுவோனே வளர்ப்பதற்கு உரியவன்.

நம் நாட்டு மலைப்பாம்பு 1937 ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ்க் காக்கப்படும் உயிராகும். அதனைப் பிடித்து வளர்த்தல் குற்றம். காயமுற்ற பாம்பைக் காண்போர் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவித்தல் தகும். நம் மாணவர் இக்கட்டுரையிலிருந்து பாம்பு வளர்க்கக் கற்க வேண்டியதில்லை. கிளியாயினும் ஆமையாயினும் தொட்டி மீனாயினும், அடைத்து வைத்த உயிர் தனக்குத் தானே தேடிக்கொள்ள இயலாதது எது என்று ஒவ்வொரு நாளும் வினாவக் கற்பாராயின் அதுவே போதும்.